ஆழம் குறைந்த நீரில் கயாக்கை நிறுத்துவது எப்படி? நங்கூரம் இழுபட்டுக்கொண்டே போகிறது

விடியல்தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாகக் கயாக்கில் தூண்டில் போடப் போகிறேன். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, 12 அடி நீளம். நான் போகும் இடம் கடலோடு சேரும் உப்பங்கழி. முழங்கால் அளவிலிருந்து மார்பளவு வரைதான் தண்ணீர். அடியில் பாதி மணல், பாதி சேறு, ஆங்காங்கே பாசித்திட்டு.

மீன் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே நிற்க முடியவில்லை. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், நான்கு கொக்கி உள்ளது, வைத்திருக்கிறேன். அதைக் கயிற்றில் கட்டி இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள கைப்பிடியில் மாட்டிவிடுவேன். காற்று கொஞ்சம் எழுந்தாலே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிடித்து நிற்கும் நேரத்திலும் படகு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. நங்கூரம் விழும் சத்தத்தில் மீன் கலைந்து ஓடுவதும் நடக்கிறது. இதைவிடக் கனமான நங்கூரம் வாங்கினால் சரியாகுமா?

உப்பங்கழியான்:

வணக்கம். நங்கூரத்தின் எடையைப் பிறகு பார்ப்போம். இருக்கைக்குப் பக்கத்துக் கைப்பிடியில் கட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இழுபடுகிறது, ஆடுகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கயாக்கை நடுவில் கட்டினால் அது நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பி நிற்கும். ஓட்டம் முழு நீளத்திலும் மோதும். கயிறு, ஓட்டம் வருகிற பக்கத்து விளிம்பைக் கீழே இழுக்கும். அந்த விளிம்பு கொஞ்சம் தாழ்ந்ததும் தண்ணீர் மேல்தளத்தில் ஏறும், ஏறிய தண்ணீரின் எடை இன்னும் தாழ்த்தும். அதற்குப் பிறகு உடம்பைச் சாய்த்துச் சமாளிக்க நேரம் இருக்காது.

எனக்கு இது நடந்திருக்கிறது. வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு குறுகிய வாய்க்காலின் வாயில் உங்களைப் போலவே பக்கவாட்டில் கட்டி உட்கார்ந்திருந்தேன். நின்ற தண்ணீர் போலத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் ஓட்டம் பிடித்துக்கொண்டது. இடது விளிம்பு நீரைத் தொட்டபோது கயிற்றை அவிழ்க்கப் போனேன். முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது. கத்தி முன் பெட்டிக்குள் இருந்தது. கவிழ்ந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தேன், ஆனாலும் கயிறு காலில் சுற்றிக்கொண்ட அந்தச் சில நொடிகளை இன்னும் மறக்கவில்லை. ஆழமில்லாத தண்ணீர் என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மீது அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் 'இப்போது பரவாயில்லையே' என்று தோன்றும் இடம் கொஞ்ச நேரத்தில் வேறு இடமாகிவிடுகிறது.

கட்டுவது ஒன்று மூக்கில், இல்லையென்றால் வாலில். நடுவில் ஒருபோதும் வேண்டாம்.

விடியல்தூண்டில்:

அண்ணா, படிக்கும்போதே கை நடுங்குகிறது. நான் இரண்டு தடவை அப்படி ஓட்டத்தில் நின்றிருக்கிறேன். இனி இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். மூக்கில் கட்டுவதென்றால் இருக்கையிலிருந்து கை எட்டாதே? எழுந்து முன்னால் ஊர்ந்து போவதும் ஆபத்துதானே?

சேற்றுத்துடுப்பு:

அதற்குத்தான் கப்பிக் கயிறு. சிலர் நங்கூர டிராலி என்பார்கள். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பி, வாலுக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிற்றை வளையமாக ஓட்டி, அதில் ஒரு வளையமோ காரபைனரோ (திறந்து மூடும் கொக்கி) கோத்துவிட வேண்டும். நங்கூரக் கயிறு அந்த வளையத்துக்குள் போய் உங்கள் கைக்கு வரும். இருக்கையில் உட்கார்ந்தபடியே டிராலிக் கயிற்றை இழுத்தால் வளையம் மூக்குக்குப் போகும், மறுபக்கம் இழுத்தால் வாலுக்கு வரும். கிணற்றுக் கப்பியைப் படுக்க வைத்தது போலத்தான்.

உங்கள் படகில் இரண்டு கப்பிக்கும் இடைவெளி 3 மீட்டர் வந்தால் வளையத்துக்கு 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். முடிச்சுக்கும் சேர்த்து 7 அல்லது 8 மீட்டர் எடுங்கள். 5 அல்லது 6 மில்லிமீட்டர் கயிறு போதும். ஒரு முனையில் கப்பிக்கும் படகுக்கும் இடையே சின்ன ரப்பர் கயிறு ஒன்றைச் சேர்த்தால் அலை தூக்கிப்போடும்போது வெட்டென்று இழுக்காது. நான் துளை எதுவும் போடவில்லை. இரண்டு முனையிலும் தூக்கும் கைப்பிடி இருக்கிறதே, அதிலேயே கப்பிகளைக் கட்டிவிட்டேன். துளை போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே போட்டு, கசிவு அடைக்கும் பசையும் வையுங்கள்.

சரி, இதெல்லாம் நங்கூரத்துக்கு. நீங்கள் சொல்லும் ஆழத்துக்கு நான் நங்கூரமே எடுத்துப் போவதில்லை. ஊன்றுகழிதான். மார்பளவுக்குக் குறைந்த தண்ணீர், அடியில் சேறோ மணலோ என்றால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. சத்தமில்லாமல் இறங்கும், நொடியில் வெளியே வரும், படகு ஒரு கழியைச் சுற்றி மட்டும்தான் திரும்பும். நங்கூரம் போட்டால் கயிற்றின் நீளம் முழுக்க வட்டம் அடிக்கும்.

நீளக் கணக்கு சுலபம். தண்ணீரின் ஆழம், அதோடு சேற்றுக்குள் போக அரை மீட்டர், கையில் பிடிக்க அரை மீட்டர். 1 மீட்டர் தண்ணீருக்கு 2 மீட்டர் கழி. கண்ணாடியிழைக் கழி நன்றாக வளைந்து கொடுக்கும், உடையாது. நல்ல கெட்டி மூங்கிலும் உழைக்கும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், காற்று அழுத்தினால் வில்லாக வளைந்துவிடும்.

ஊன்றும் விதம்தான் முக்கியம். மாடு கட்டும் முளையை எப்படி அடிப்போம்? மாடு இழுக்கிற பக்கத்துக்கு எதிரே தலை சாய்ந்திருக்கும்படி. அதேதான் இங்கேயும். கழியின் தலை படகைவிட்டு விலகிச் சாய வேண்டும். கயிற்றுக் கண்ணியைக் கழியின் உச்சியில் கட்டாமல் நீர்மட்டத்துக்குப் பக்கமாக இறக்கிவிடுங்கள். உச்சியில் கட்டினால் படகே நெம்புகோல் போட்டுக் கழியைப் பிடுங்கிவிடும்.

நீலக்கயாக்:

கழி என்றால் கயிறுகூடத் தேவையில்லையே. தண்ணீர் வடியும் ஸ்கப்பர் துளை வழியாகவே கழியை இறக்கிச் சேற்றில் ஊன்றிவிடலாம். மூன்று வருடமாக ஏரியில் அப்படித்தான் நிற்கிறேன். ஐந்து நொடி வேலை.

உப்பங்கழியான்:

நீலக்கயாக், காற்றே இல்லாத ஏரியில் அது நடக்கும், மறுக்கவில்லை. கேள்வி கேட்டவர் நிற்பது ஏற்றவற்றம் உள்ள உப்பங்கழியில். ஸ்கப்பர் துளை பெரும்பாலும் இருக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அப்படியானால் திரும்பவும் நடுவில் கட்டிய கதைதான், படகு குறுக்கே நிற்கும். அலை படகைத் தூக்கி இறக்கும்போது பாரம் முழுவதும் அந்தத் துளையின் விளிம்பில் விழும். அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் நேரே படகின் வயிற்றுக்குள் போகும், வெளியே தெரியவும் தெரியாது. இன்னொன்று, ஓட்டம் தள்ளிக் கழி வளைந்துவிட்டால் துளைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். அவசரத்தில் பிடுங்க முடியாது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நீலக்கயாக்:

இறுகிக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. உண்மைதான், போன மாதம் காற்றடித்த ஒரு நாள் கழியை வெளியே எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் அந்தத் துளையின் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

ஏத்தவத்தம்:

நங்கூரத்தை அடியோடு கைவிட வேண்டாம். தலைக்கு மேல் ஆழம் போகும் இடத்திலும், கழி இறங்காத சரளைத் தரையிலும் அதுதான் துணை. விடியல்தூண்டில், நீங்கள் எவ்வளவு கயிறு விடுகிறீர்கள்?

விடியல்தூண்டில்:

தண்ணீர் ஒரு மீட்டர் இருந்தால் இரண்டு மீட்டர் விடுவேன். அதற்கு மேல் விட்டால் இன்னும் அதிகமாக ஆடுமே என்றுதான்.

ஏத்தவத்தம்:

இழுபடுவதற்குக் காரணம் அதுதான். எடை இல்லை. கொக்கி நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை, தரையைத் தோண்டிப் பிடிக்கிறது. தோண்ட வேண்டுமென்றால் அதைப் படுக்கை வாட்டில் இழுக்க வேண்டும். நீங்கள் குட்டையான கயிற்றால் மேல்நோக்கி இழுக்கிறீர்கள், அது கிழங்கு பிடுங்குவது போல வெளியே வந்துவிடுகிறது.

கணக்கு இப்படி: நீரின் ஆழம் 1 மீட்டர். மூக்கில் கயிறு தொடங்கும் இடம் நீருக்கு மேலே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். ஆழமில்லாத நீரில் இந்த 30 சென்டிமீட்டரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்; இங்கேதான் அது பெரிய பங்கு. மொத்தம் 1.3 மீட்டர். அமைதியான நாளில் இதைப் போல 3 மடங்கு, காற்று இருந்தால் 5 மடங்கு, அதாவது 6.5 மீட்டர். பலத்த காற்றில் 7 மடங்கு, 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காற்றில் கயாக்கில் நிற்கவே கூடாது என்பது என் கருத்து.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் சங்கிலி சேருங்கள். அது தரையில் கிடந்து இழுப்பைப் படுக்கையாக்கும். கனமான நங்கூரம் வாங்குவதைவிட இது மேல். சங்கிலிக்குச் சைக்கிள் டியூப் மாட்டிவிட்டால் படகில் உரசும் சத்தமும் போய்விடும். கயிறு நைலானாக இருக்கட்டும். அது அமிழும், கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு உங்கள் தூண்டில் நரம்போடு சிக்கிக்கொள்ளும்.

நங்கூரத்தில் கட்டும் விதத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. சங்கிலியை நங்கூரத்தின் மேல் வளையத்தில் கட்டாமல் அடிப்பக்கத்தில், கொக்கிகள் சேரும் இடத்தில் கட்டுங்கள். அப்புறம் சங்கிலியைத் தண்டோடு கொண்டுவந்து மேல் வளையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் பிணையுங்கள். சாதாரண இழுப்புக்குப் பட்டை தாங்கும். பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பலமாக இழுத்தால் பட்டை அறுந்து, நங்கூரம் அடிப்பக்கமிருந்து புரண்டு வெளியே வரும். பையில் நாலைந்து பட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயருக்கு ஏற்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உப்பங்கழியில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் என்றால் ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தண்ணீர் ஒரே சீராக இறங்காது. மொத்த இறக்கம் 1.2 மீட்டர் என்று வையுங்கள். ஏறத்தாழ முதல் மணியில் 10 சென்டிமீட்டர், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 30, நான்காவதில் 30, அப்புறம் 20, கடைசியில் 10. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடும். முதல் இரண்டு மணி நேரத்தைப் பார்த்து 'மெதுவாகத்தான் இறங்குகிறது' என்று உட்கார்ந்திருந்தால் சேற்றில் மாட்டுவீர்கள். நான் மாட்டியிருக்கிறேன். நாலா பக்கமும் தொடையளவுச் சகதி, இறங்கி நடக்கவும் வழியில்லை. தண்ணீர் திரும்பி வரும்வரை நடு வெயிலில் படகிலேயே உட்கார்ந்திருந்தேன், குடிதண்ணீர் ஒரு குப்பிதான் இருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அடுத்த ஓரிரு நாளும் இறக்கம் இன்னும் அதிகம்.

ஏற்றத்திலும் கவனம் வேண்டும். 6.5 மீட்டர் கயிறு விட்டு நின்ற இடத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால், 5 மடங்காக இருந்தது 3 மடங்குக்கும் கீழே வந்துவிடும். ஒன்றும் செய்யாமலே நங்கூரம் கிளம்பும். அவ்வப்போது கயிறு விட்டுக்கொடுக்க வேண்டும்.

புல்திட்டு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாசித்திட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீண்ட நாடா இலையோடு, தரையில் வேர்விட்டு வளர்வதாக இருந்தால் பாசி இல்லை, கடற்புல். பூத்து விதை விடும் செடி. அதன் மேல் கொக்கி நங்கூரத்தை இழுக்கவிடாதீர்கள். வேர்த்தண்டோடு பிய்த்துக்கொண்டு வரும், அந்தத் தழும்பு ஆற வருடங்கள் ஆகும். நீங்கள் தேடிப் போகும் மீனின் குஞ்சும் இறாலும் வளர்வது அதற்குள்தான். திட்டுக்கு வெளியே வெறும் மணலில் நின்று திட்டின் ஓரத்துக்குத் தூண்டில் வீசுங்கள். மீனும் பெரும்பாலும் ஓரத்தில்தான் சுற்றும். கழி ஊன்றினாலும் மணலில் ஊன்றுங்கள். பவளப்பாறை இருந்தால் எதையும் போடவே வேண்டாம்.

விடியல்தூண்டில்:

நாடா இலைதான். இது இத்தனை நாள் தெரியாமல் போனது வருத்தமாக இருக்கிறது. இனி மணலில்தான் நிற்பேன்.

இந்த வாரம் கப்பிக் கயிறு கட்டி, 2.2 மீட்டர் கழியும் தயார் செய்துவிட்டேன். மூக்கில் கட்டுவதா வாலில் கட்டுவதா? அதையும் சொல்லிவிடுங்கள்.

உப்பங்கழியான்:

காற்று லேசாக இருந்தால் வால். அப்போது முகம் காற்று போகும் திசையில் இருக்கும், தூண்டில் காற்றோடு பறக்கும், மீன் இருக்கும் இடம் கண்ணெதிரே இருக்கும். அலை முதுகில் மோதி ஏறத் தொடங்கினால் உடனே மூக்குக்கு மாற்றுங்கள். மூக்கு அலையைப் பிளக்கும், வால் பிளக்காது. மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வளையம் நடுவைக் கடக்கும் அந்த நேரத்தில் படகு குறுக்கே நிற்கும். காற்று ஒரு நொடி ஓய்ந்து கயிறு தளரும்போது கடத்துங்கள். ஓட்டம் பலமாக இருந்தால் மாற்றவே முயலாமல் கயிற்றை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

விட்டுவிடுவது என்றால் நங்கூரத்தை இழப்பது இல்லை. நங்கூரக் கயிற்றின் கை முனையில் ஒரு மிதவையைக் கட்டி, கிளீட்டில் (படகில் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கவ்வி) முடிச்சுப் போடாமல் கவ்வ மட்டும் விடுங்கள். ஓர் இழுப்பில் விடுபட வேண்டும். மிதவை டிராலி வளையத்துக்குள் நுழையும் அளவு சின்னதாக இருக்கட்டும், இல்லையென்றால் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். பெரிய மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போதும் இதே வழிதான். விட்டுவிட்டு மீனின் பின்னால் போய்விட்டு, திரும்பி வந்து மிதவையைப் பிடிக்கலாம். கத்தி லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கத்தில், ஒரு கையால் உருவும்படி.

சேற்றுத்துடுப்பு:

ஆடுவதற்கு ஒரு கைவைத்தியம். மூக்கில் கட்டி நிற்கும்போது வளையத்தைக் கடைசி வரை இழுக்காமல் ஒரு சாண் பின்னால் நிறுத்திப் பாருங்கள். படகு காற்றுக்குக் கொஞ்சம் சாய்வாக, ஒரே பக்கம் நிலைத்து நிற்கும். இடவலமாக அலைவது குறையும். லேசான காற்றில் மட்டும். முன்னும் பின்னும் இரண்டு கழி ஊன்றி அசையாமல் நிற்பவர்களும் உண்டு, குளத்தில் நானும் செய்வேன். ஓட்டம் உள்ள இடத்தில் வேண்டாம், அது பக்கவாட்டில் திரும்பினால் படகு விலக வழியே இருக்காது.

சத்தத்துக்கு: மீன் இருக்கும் இடத்தின் மேலே போய் நிறுத்தாதீர்கள். காற்று வரும் பக்கம் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னதாகவே நங்கூரத்தைக் கையால் மெல்ல இறக்கி, கயிறு விட்டுக்கொண்டே பின்னால் மிதந்து வாருங்கள்.

விடியல்தூண்டில்:

போய்விட்டு வந்தேன். இன்று காலை நான்கு மணி நேரம். புல்திட்டுக்கு வெளியே மணலில் கழி ஊன்றி, வாலில் கட்டி நின்றேன். முளை அடிப்பது போலச் சாய்த்து ஊன்றியதும் அசையவே இல்லை. மீன் கலையவில்லை. திட்டின் ஓரத்தில் மூன்று மீன் கிடைத்தது, ஒன்று குஞ்சாக இருந்ததால் விட்டுவிட்டேன். காற்று ஏறியதும் மூக்குக்கு மாற்றினேன், கயிறு தளரும்வரை காத்திருந்து.

அப்புறம் சரளைத் தரையில் நங்கூரத்தையும் சோதித்தேன். அதே ஒன்றரைக் கிலோதான், சங்கிலியும் 6 மீட்டர் கயிறும் மட்டும் கூடுதல். இழுபடவில்லை. வற்றம் தொடங்கி இரண்டாவது மணி முடிவதற்குள் கிளம்பிவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். திரும்பும் வழியில் ஒரு களிமண் திட்டில் கழி ஊன்றிப் பார்த்தேன். வெளியே வர மறுத்துவிட்டது. நேராக மேலே இழுத்தால் படகின் விளிம்புதான் தாழ்கிறது. எப்படியோ எடுத்தேன், ஆனால் அது சரியான வழியாகத் தெரியவில்லை.

சேற்றுத்துடுப்பு:

களிமண் கழியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மேலே இழுக்காதீர்கள், முதலில் திருகுங்கள். இடமும் வலமுமாக நாலைந்து தடவை திருகினால் ஓரத்தில் தண்ணீர் இறங்கிப் பிடி விடும். இதற்காகவே கழியின் தலையில் குறுக்குக் கைப்பிடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். கயிறு மூக்கிலோ வாலிலோ இருக்கட்டும். கழி சாய்ந்திருக்கும் பக்கமாகவே கொஞ்சம் துடுப்புப் போட்டால் படகின் எடை அதை உருவிவிடும். எந்த நிலையிலும் விளிம்புக்கு மேலே எட்டிக் குனிந்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டாம், படக்கென்று பிடி விட்டால் நீங்கள் மறுபக்கம் விழுவீர்கள்.

நீலக்கயாக்:

துளையைப் பார்த்தேன். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல் இருக்கிறது. பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் கப்பிக் கயிறு கட்டப் போகிறேன். சேற்றுத்துடுப்பு அண்ணா, தூக்கும் கைப்பிடியில் கப்பியைக் கட்டியதாகச் சொன்னீர்களே, ஒரு படம் போட முடியுமா?

சேற்றுத்துடுப்பு:

நாளைக் காலையில் படகை இறக்கும்போது எடுத்துப் போடுகிறேன்.